நாற்பத்தேழாம் ஆணி

2006 பிப்ரவரி 14, செவ்வாய்

கேன்டீன் ரசத்தில் இன்று புளி இருந்தது. குறித்து வைக்கத் தகுந்த நிகழ்ச்சி.

பதினொரு மணிக்கு இருசம்மாள் மகனோடு வந்தாள். சுரங்கத்தின் கிழக்கு விளிம்பில் இருந்த அவளுடைய ஒன்றரை ஏக்கரைக் கம்பெனி வாங்கி நான்கு வருடமாகிறது. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்பது ஒப்பந்தம். நிலத்தை உடனே தோண்டிவிட்டோம். வேலைதான் கோப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நல அலுவலன் நான் என்பதால் அது சுற்றுவது என் மேஜையில்.

மகன் பெயர் அறிவரசன். இருபத்து நான்கு வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு, மற்ற எல்லாவற்றிலும் தோல்வி. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்து, "இது போன மாசம்" என்றான். உண்மைதான், கிழிக்கவில்லை.

"திருச்சி டாக்டரு ஆட்டிசம்னு எழுதிக் குடுத்தாருங்க. வியாதி இல்லையாம். அவன் அமைப்பே அப்படியாம். ஒரு வேலையச் சொல்லிட்டா அச்சு பிசகாம செய்வாங்க சார்."

சீட்டை ஜி.எம். சாமிதுரையிடம் கொண்டுபோனேன். "யோவ், இது சுண்ணாம்புக்கல் சுரங்கமா, பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்றார். இரண்டும் ஒரே வளாகத்தில் இயங்குவதில் தடையில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லாதவற்றுக்காகத்தான் இந்த நோட்டு.

2006 பிப்ரவரி 20, திங்கள்

ஜி.எம். சனி, ஞாயிறு திருச்சியில் ஒரு ஓட்டலில் தொழில் தலைவர்கள் மாநாட்டுக்குப் போய்வந்தார். தலைப்பு 'எல்லா மனங்களுக்கும் இடம்'. ஐந்து தலைவர்கள் பேசினார்களாம். ஐந்து பேரும் அழுதார்களாம். எங்கள் சேர்மனின் மனைவி இரண்டு முறை.

காலையில் கூப்பிட்டார். "அந்தப் பையன் பேரென்ன? வரச் சொல்லுங்க. போட்டோக்காரரையும்."

இப்படியாக ஆறு நாளில் ஒரு பைத்தியம் வாய்ப்பாக மாறியது.

2006 மார்ச் 6, திங்கள்

டோக்கன் அறையில் போட்டிருக்கிறோம்.

சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் அதே எண் ஆணியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மேலே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். பகல் ஒரு மணிக்கு வெடி. பலகை காலியாக இருந்தால் கீழே ஆள் இல்லை என்று பொருள். அப்போதுதான் சைரன் பெட்டியின் சாவியை ஃபோர்மேன் தங்கராசுவிடம் கொடுக்கலாம். விதிப் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது. அறிவரசனுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

இந்தச் சுரங்கத்தில் அந்தப் புத்தகத்தை நம்பிய முதல் ஆள் அவன்.

2006 ஏப்ரல் 19, புதன்

தகராறு.

புதன்கிழமை கேன்டீனில் முட்டை. கடைசியில் வருகிறவனுக்கு முட்டை இருக்காது. அதனால் பல வருடமாக ஓர் ஏற்பாடு: கூட்டாளிகளில் ஒருவன் ஐந்தாறு பேர் வில்லைகளை மொத்தமாகக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வான், மற்றவர்கள் நேரே வரிசைக்கு ஓடுவார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை என்பதற்கு ஒரே ஆதாரம், இதுவரை யாரும் சாகவில்லை என்பது.

அறிவரசன் பலகைக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றுவிட்டான். "அவங்கவங்க டோக்கன் அவங்கவங்க கையால."

"டேய், எம் மச்சான் டோக்கன நான் எடுக்கக் கூடாதா?" என்று சாமிக்கண்ணு கத்த, "மச்சான் வரட்டும்" என்றான் அறிவரசன். மச்சான் மதுரைவீரன் வரிசையிலிருந்து திரும்பி வந்து நாற்பத்தேழாம் எண்ணைக் கழற்றினான். முட்டை போய்விட்டது. போகிற போக்கில், "உங்க அம்மா ஒன்ன எந்த வெடிச் சத்தத்துலடா பெத்தா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

அறிவரசன் யோசித்து, "ஆஸ்பத்திரில" என்றான். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

நானும்.

2006 ஜூன் 9, வெள்ளி

ஜி.எம். பிறந்த நாள். எந்தத் தேதியைச் சொன்னாலும் அறிவரசன் கிழமை சொல்வான் என்று யாரோ சொல்லிவிட, கேக் வெட்டும் இடத்துக்கு வரவழைத்தார்கள்.

"ஒம்போது ஆறு ஐம்பத்தொண்ணு. சொல்லு பாக்கலாம்."

"சனி."

"புதன்டா தம்பி. புதன்ல பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும். ஜாதகமே இருக்கு."

"சனி."

ஐம்பது பேர் கைதட்டாமல் நின்றோம். நூலகத்திலிருந்த பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தேன். சனிதான். பஞ்சாங்கத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

2006 ஜூலை 11, செவ்வாய்

சங்கத் தலைவர் வீரமணி மனுவோடு வந்தார். அறிவரசனை மாற்ற வேண்டும், தொழிலாளர் கண்ணியம் பாதிக்கப்படுகிறது. நாற்பத்தோரு கையெழுத்து. பதினொன்றாவது மதுரைவீரன்.

"நாங்க அந்தப் புள்ளைக்கு எதிரி இல்ல சார். அப்படிப்பட்டவங்கள சமுதாயம் ஏத்துக்கணும், மேடையிலயே பேசியிருக்கேன். ஆனா எங்க தலமேல ஒக்கார வெச்சா எப்படி?"

மனுவின் நடை மோசமாக இருந்தது. இரண்டு வாக்கியங்களைத் திருத்திக் கொடுத்தேன். பழக்கதோஷம்.

2006 செப்டம்பர் 13, புதன்

சேர்மன் மனைவியும் ஏழு விருந்தினர்களும் வெடி பார்க்க வந்தார்கள். பந்தல், இளநீர், காதில் வைக்கப் பஞ்சு.

ஒரு மணி. பலகையில் ஒரு வில்லை. நாற்பத்தேழு.

"அவன் மேல வந்துட்டான்டா, நானே பாத்தேன், மறந்துட்டுப் போயிருக்கான். சாவியக் குடு" என்றார் தங்கராசு. அறிவரசன் சாவியை வாய்க்குள் போட்டுக்கொண்டான். ஜி.எம். வந்து அதட்டினார். நான் கெஞ்சினேன். வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம். பிறகு மதுரைவீரனைக் கேன்டீனில் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். வாயில் முட்டை. அவன் வில்லையைக் கழற்றியதும் இவன் சாவியைத் துப்பி, சட்டையில் துடைத்துக் கொடுத்தான்.

விருந்தினர்கள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள், சிறுவாச்சூரில் காளியம்மனைப் பார்க்க. அங்கே புதன்கிழமை நடை திறக்காது. அதுவும் எங்கள் கணக்கில் சேர்ந்தது.

2006 செப்டம்பர் 14, வியாழன்

அறிவரசனுக்குப் பதவி உயர்வு. இனி ரிசப்ஷன். ஏ.சி. உண்டு. உத்தரவை நான்தான் எழுதினேன்: 'அவரது தனித்திறன் பரவலாக அறியப்படும் பொருட்டு.'

சாவி இப்போது தங்கராசு அறையில், பொது ஆணியில்.

2006 டிசம்பர் 3, ஞாயிறு

ஊனமுற்றோர் தின விழா. ஜி.எம். பேச்சு நான் எழுதியது. "இவர்கள் நம்மைப் போல் இல்லை என்கிறோம். நாம் ஏன் இவர்களைப் போல் இல்லை என்று கேட்டதுண்டா?" இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அதையும் சேர்த்துப் படித்துவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. வீரமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருசம்மாளுக்குப் பொன்னாடை. மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "சார், வெறும ஒக்காந்திருக்கான். வூட்டுக்கு வந்து பலக எங்க, பலக எங்கங்குறான். அங்கயே போட்டுருங்களேன்."

"அம்மா, இது பெரிய வேலை."

"அவனுக்கு அதுதாங்க பெருசு."

2007 ஜனவரி 22, திங்கள்

ரிசப்ஷன் கண்ணாடி வழியாகச் சுரங்கப் பாதை தெரிகிறது. வருகிறவர் போகிறவர் எண்ணெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான். காலையில் இறங்கியவர்கள், பகலில் ஏறியவர்கள். நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னேன், விருந்தினரைப் பார்த்து உட்காரும்படி. பகலுக்குள் மறுபடி கண்ணாடிப் பக்கம்.

2007 மார்ச் 14, புதன்

மதுரைவீரன் போய்விட்டான்.

2007 மார்ச் 15, வியாழன்

எழுதிவிடுகிறேன். ஒழுங்காக, நடந்த வரிசையில்.

நேற்று திருச்சியிலிருந்து தலைவர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். வேற்றுமை மனங்களை அரவணைத்த சிறந்த நிறுவனம் என்று ஒரு விருது. அதற்கு நேரில் பார்வையிட வந்தவர்கள். அறிவரசன் கிழமை சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர் தன் கல்யாண நாளைக் கேட்டார், இன்னொருவர் சுதந்திர நாளைக் கேட்டார்.

12.51க்கு என் சட்டைக் கையை இழுத்தான். "நாப்பத்தேழு மேல வரல."

"அப்புறம் பாக்கலாம்ப்பா."

"நாப்பத்தேழு மேல வரல."

"என்ன சொல்றாரு?" என்று ஒரு தலைவர் கேட்டார். "எண்கள்ல ரொம்ப ஆர்வம்" என்றேன். நல்ல வாக்கியம். எல்லாரும் புன்னகைத்தார்கள். நான் தட்டிலிருந்து ஒரு க்ரீம் பிஸ்கட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

பிஸ்கட் வெச்சேன்யா. சின்னப் புள்ளைக்கு வெக்கிற மாதிரி.

கதவைத் திறந்துகொண்டு ஓடினான். வாட்ச்மேன் பிடித்து இரண்டு கையையும் கட்டித் தூக்கி வந்தார். நான்தான் ஜாடை காட்டினேன். ஒரு மணிக்குச் சைரன். அவனுக்கு அந்தச் சத்தம் ஆகாது, டோக்கன் அறையில் இருந்தபோது துண்டால் காதைப் பொத்திக்கொள்வான். இப்போது கைகளைப் பிடித்திருந்தார்கள். "பாவம், சத்தம் ஒத்துக்காது போல" என்றார் ஓர் அம்மாள்.

பிறகு வெடி. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

மதுரைவீரன் சுரங்கத்தின் கீழ்க்கோடி ஊற்றில் குளிக்கப் போயிருக்கிறான். வெயில். "மச்சான், என் டோக்கனையும் எடுத்துரு, முட்ட ஒண்ணு வாங்கி வையி" என்று சாமிக்கண்ணுவிடம் சொல்லிவிட்டுத்தான். பலகை காலி. தங்கராசு பார்த்தார், காலி. விதிப்படி எல்லாம் சரி.

இலையில் முட்டை அப்படியே இருந்தது. சாமிக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒம்போது நிமிஷம் இருந்துச்சு. தங்கராசு அறைக்கு நடந்தாலே மூணு நிமிஷம்.

2007 மார்ச் 28, புதன்

கம்பெனியின் உள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி.

அறிவரசன் சொன்னான்: "பன்னெண்டு அம்பத்தொண்ணு. வெல்ஃபேர் சார்ட்ட சொன்னேன். ரெண்டு தடவ. பிஸ்கட் குடுத்தாரு."

"என்ன பிஸ்கட்?" என்று சிரித்தார் அதிகாரி.

"க்ரீம். ஆரஞ்சு."

என்னைக் கேட்டார்: "உங்ககிட்ட சொன்னானா?"

"அவன் எப்பவும் எண்கள் சொல்லிக்கிட்டே இருப்பான் சார்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டேன்.

சாட்சியின் மனநிலை காரணமாக அவர் கூற்றைப் பதிவு செய்ய இயலவில்லை என்று முடித்தார்கள். இரண்டு வாரம் முன்பு அதே மனநிலைக்குத்தான் ஆறு பேர் மதிப்பெண் போட்டார்கள்.

2007 ஏப்ரல் 5, வியாழன்

அறிக்கையின் சாரம்: இறந்தவரின் கவனக்குறைவு. மேலும், ஆபத்தான தொழிலிடத்தில் இத்தகையோரை வைத்திருப்பது அவர்களுக்கே நல்லதல்ல. அறிவரசனுக்கு இன்றோடு வேலை இல்லை.

"அவன் பாதுகாப்புக்குத்தான்யா" என்றார் ஜி.எம். உண்மையாகவே நம்புகிறார். அவரோடு எனக்குச் சிரமம் இதுதான். பொய் சொல்கிறவராக இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

வீரமணி எதிர்ப்புத் தெரிவித்தார். வாய்மொழியாக. கதவைச் சாத்திவிட்டு.

2007 ஏப்ரல் 9, திங்கள்

இருசம்மாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேல இல்லன்னா நெலத்தக் குடுங்க சார்."

"அம்மா, அந்த இடம் இப்ப அறுபது அடிப் பள்ளம்."

"தெரியும். அதுலதான அந்த மனுசன் செத்தாரு." கொஞ்ச நேரம் என் காலண்டரைப் பார்த்தாள். "எம் மவன் பொய் சொன்னதில்ல சார். சொல்லத் தெரியாது. ஒங்ககிட்ட சொன்னேன்னு சொல்றான். சொன்னானா?"

நான் மேஜை மேலிருந்த கோப்பை நேராக வைத்தேன்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொன்னாடையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

2007 ஏப்ரல் 10, செவ்வாய்

ஒன்றுமில்லை.

2007 செப்டம்பர் 21, வெள்ளி

விருது வந்துவிட்டது. மரத்தில், பித்தளைத் தகடு. அறிவரசன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேல் அவனும் ஜி.எம்.மும் கைகுலுக்கும் படத்தோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். படத்திலும் அவன் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில், கண்ணாடிப் பக்கம்.

ஏற்புரை நான் எழுதியது. இம்முறை அடைப்புக்குறி போடவில்லை.

2007 நவம்பர் 23, வெள்ளி

அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆகிவிட்டது. பிரித்து, சேர்த்து, பிரித்தாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பட்டாசு வெடித்தார்கள். இருசம்மாளும் மகனும் கடை வாசலில் நின்றிருந்தார்கள். அவன் தலையைச் சுற்றித் துண்டு, காதை இறுக்கி. பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்து உதடு அசைந்துகொண்டிருந்தது.

நான் அடுத்த தெருவழியாக ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

2007 நவம்பர் 28, புதன்

கீழே புதிய கழிப்பறை கட்டுகிறார்கள், பார்வையிட இறங்கினேன். அலுவலர்களுக்கும் வில்லை உண்டு. எனக்கு நான்காம் எண். ஏறி வர நேரமாகிவிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு டோக்கன் அறைக்குள் போனால் பலகை காலி. நாலாம் ஆணியிலும் ஒன்றும் இல்லை. தங்கராசு சைரன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

கேன்டீன் வாசலில் சாமிக்கண்ணு எதிரே வந்தான். மடியிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்து நீட்டினான்.

"சார், ஒங்களுதையும் சேத்து எடுத்துட்டேன். வரிச பெருசா இருந்துச்சு."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி சொன்னேன். முட்டை கிடைத்தது.