நான்கு பாய்லர்களும் என் ஒரு நோட்டீஸும்

ஜூன் 4, செவ்வாய்

அல்மாவுக்கு இருமல் கொஞ்சம் பரவாயில்லை. அறை இருபது டிகிரியில் இருக்கட்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று வீடு இருபத்தொன்பது. உலகின் தென்கோடி உஷுவாயாவில், எங்களுக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தில், வெளியே பனி கொட்ட, என் ஏழு மாதக் குழந்தை வெறும் டயப்பரோடு தவழ்ந்துகொண்டிருந்தாள்.

கட்டடம் முழுவதுமே அடுப்பு. எல்லா வீட்டிலும் ஜன்னல் திறந்து கிடந்தது. இந்த ஊரில் சூடு அதிகமானால், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகை யாரும் தொடுவதில்லை. கேஸ் மலிவு, ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். மூன்றாம் மாடி மிர்த்தாவும் இரண்டாம் மாடி செலெஸ்தினோவும் தலையை வெளியே நீட்டி, பனியில் நனைந்தபடி, வெக்கையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 5, புதன்

காரணம் தெரிந்துவிட்டது. கீழ்த்தளத்தில் நான்கு பாய்லர்கள். எப்போது எத்தனை எரிய வேண்டும் என்று சொல்ல ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. காவலாளி ஓஸ்வால்தோ, மாத்தே என்கிற மூலிகை டீக்குத் தண்ணீர் சுட வைக்க அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, கெட்டிலைச் சொருகியிருக்கிறார். அப்படியே மறந்தும் போயிருக்கிறார்.

"பெட்டி செத்துட்டா பாய்லர் எல்லாம் அணையணுமே, எப்படி இப்படி எரிஞ்சுது?" என்று டெக்னீஷியன் யானினாவிடம் போனில் கேட்டேன்.

"இந்த ஊர்ல அணைஞ்சா பைப் உறைஞ்சு வெடிச்சிடும்ங்க. பெட்டிகிட்ட இருந்து பேச்சு மூச்சு இல்லைன்னா ஒவ்வொண்ணும் தன் பாட்டுக்கு ஒரே சூட்டுல எரியணும்னு சொல்லி வெச்சிருக்கோம். ஆபத்துக்கால ஏற்பாடு."

அப்பா வெளியூர் போனதும் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பக்கம் சமைத்த மாதிரி. நல்ல பிள்ளைகள்தான்.

ஜூன் 6, வியாழன்

மாடிப்படியில் நோட்டீஸ் ஒட்டினேன். திறந்த ஜன்னலால் படிக்கட்டு வழியே குளிர்காற்று ஏறி அல்மாவுக்கு மறுபடி இருமல். எழுதியது இவ்வளவுதான்: "சூடு அதிகமானால் ஜன்னலைத் திறக்காதீர்கள். ரேடியேட்டரின் திருகை மூடுங்கள். இந்தக் கட்டடத்தில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது."

யார் படிக்கப் போகிறார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

குளிர். காலையில் எல்லோரும் வேலைக்குப் போனதும் ரேடியேட்டர் ஜில்லென்று ஆகிவிட்டது. பதினான்கு டிகிரி. அல்மாவுக்கு மூன்று ஸ்வெட்டர். கையை மடக்க முடியாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிலை அன்றைக்கே பறிமுதல் செய்து பெட்டியின் பிளக்கைச் சொருகியாயிற்று என்று ஓஸ்வால்தோ சத்தியம் செய்கிறார்.

ஜூன் 12, புதன்

அதேதான். மூக்கும் ஒழுகுகிறது — எனக்கா அவளுக்கா என்று கேட்டால் இருவருக்கும்.

ரியோ கிராண்டேயிலிருந்து நாத்தனார் நோர்மாவின் போன். அவள் தம்பி, என் கணவன் ரூபென், மீன்பிடிக் கப்பலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான் போல.

"சனிக்கிழமை வண்டியோட வரேன். வீடு சூடா இருந்தா ஒரு காபி குடிச்சிட்டுப் போறேன். இல்லைன்னா ரெண்டு பேரையும் அள்ளிப்போட்டுக் கூட்டிட்டுப் போயிடுவேன். ரூபென் வர்ற வரைக்கும் இங்கதான்."

"வேண்டாம் அண்ணி, சரியாயிடும்."

"பதினாலு டிகிரியில பொண்ணு வளர்க்கறியா, பென்குவின் வளர்க்கறியா?"

நல்ல மனுஷி. ஆனால் அவள் வீட்டில் என் குழந்தையைத் தூக்க நான் வரிசையில் நிற்க வேண்டும். எப்படிக் குளிப்பாட்டுவது என்று மூன்று பேர் வகுப்பெடுப்பார்கள். கப்பல் வர இன்னும் ஒரு மாதம் ஆகும். அதற்குள் அல்மா என்னைப் பார்த்து யாரென்று கேட்பாள். கேட்கமாட்டாள், ஏழு மாதம்தான். இருந்தாலும்.

ஜூன் 14, வெள்ளி

யானினா நேரிலேயே வந்தாள். கீழே போய் அரைமணியில் சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லை. படியில ஒரு நோட்டீஸ் இருக்கே, அது யார் எழுதினது?"

"ஏன்?"

"எல்லாரும் சொன்ன பேச்சைக் கேட்டுட்டாங்க."

வேலைக்குப் போகும்போது மொத்தக் கட்டடமும் திருகை இறுக்கி மூடிவிட்டுப் போகிறது; வீட்டில் இருக்கும்போதுகூடப் பலர் திறப்பதில்லையாம். திறந்திருப்பது என் வீடு மட்டும். என் ஒரு வீட்டுக்கான தண்ணீர் நூல் மாதிரிதான் ஓடுமாம். பாய்லருக்குள் போதுமான தண்ணீர் ஓடவில்லை என்றால் பெட்டி ஒவ்வொன்றாக அணைக்கிறது. கடைசி ஒன்றுக்கும் போதவில்லை என்றால் அதையும்.

"அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டா?"

"எடுத்துடலாம். ஓடாத தண்ணி உள்ளேயே கொதிச்சு பாய்லர் வாயைப் பிளந்துடும். இன்னைக்கு ஒரு நாள் நல்லா சூடா இருப்பீங்க."

யாரும் திறக்காத நேரத்தில் தண்ணீர் சுற்றி வர ஒரு குறுக்குக் குழாய் போட வேண்டுமாம். பாகம் புவெனஸ் ஐரெஸிலிருந்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நாலைந்து வீடுகளாவது திறந்து வைத்தால் போதும்.

பயம் வந்தால் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்காரும் மிஷின். கோபப்பட முடியவில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்த குணம்.

உடனே இரண்டாவது நோட்டீஸ்: "தயவுசெய்து திருகைத் திறந்து வையுங்கள்." மாலைக்குள் அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க."

நாளை சனி.

ஜூன் 15, சனி

நோர்மா பத்து மணிக்கே வந்துவிட்டாள். ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அல்மாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, ஒரு மணி நேரம் குடுங்க. ஒரே ஒரு மணி நேரம்," என்றேன். அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அழுதேன்.

கீழே ஓடி செலெஸ்தினோவின் கதவைத் தட்டினேன்.

"நீங்கதானேம்மா மூடச் சொன்னீங்க? குழந்தை இருக்குன்னு வேற எழுதியிருந்தீங்க. நான் ராத்திரி கம்பளியோட தூங்கறேன், உங்க பொண்ணுக்காக."

உங்கள் தியாகத்தால்தான் அவள் நடுங்குகிறாள் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? திரும்பிப் பார்த்தால் நோர்மா அல்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்திருக்கிறாள்.

"எந்த வீடெல்லாம் பாக்கி?" என்றாள்.

மிர்த்தா கதவை ஒரு விரல் அளவுதான் திறந்தாள். "இருபது வருஷமா இந்தப் படியில எத்தனையோ நோட்டீஸ் பாத்திருக்கேன். ஒண்ணையும் மதிச்சதில்லை. முதல் தடவையா ஒண்ணை மதிச்சேன், அது தப்பா?"

"தப்புதான்," என்றாள் நோர்மா. "பழையபடி இருங்க. குழந்தையைப் பாருங்க, மூக்கைப் பாருங்க. எங்க உங்க ரேடியேட்டர்?"

மிர்த்தாவைத் தாண்டி உள்ளே போய் அவளே திருகைத் திறந்தாள். அதன் பிறகு வந்த வீடுகளில் எனக்கு வேலையே இல்லை.

மதியத்துக்குள் குழாய்கள் கடகடத்தன. மூன்று மணிக்குப் பத்தொன்பது. நோர்மா மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். காபி கேட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

பனியால் மலைப்பாதை மூடியிருக்கிறது. நோர்மாவால் போக முடியவில்லை. சோபாவில் படுத்திருக்கிறாள். குறட்டை.

ஜூன் 19, புதன்

பாதையை நேற்றே திறந்துவிட்டார்கள். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இருபத்தொன்று.

ஜூன் 27, வியாழன்

மதியம் அல்மாவோடு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். எப்போது கடைசியாகப் பகலில் தூங்கினேன் என்று நினைவில்லை. வாசல் பக்கம் பேச்சுக் குரல் கேட்டு விழிப்பு வந்தது. செலெஸ்தினோ. மகளைப் பார்க்க ஒரு வாரம் கோர்தோபா போகிறாராம், ரேடியேட்டரை என்ன செய்வது என்று என்னைக் கேட்க வந்திருக்கிறார்.

எழுந்து போகலாம் என்று காலைக் கீழே வைத்தேன்.

"அவ தூங்கறா, எழுப்ப மாட்டேன்," என்றாள் நோர்மா, சன்னமாக. "முழுசா திறந்து வெச்சிட்டு சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு."

காலை மறுபடி போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.