ருசி பார்க்காத பிஸ்கட்

கருகியிருந்தால்கூடப் பரவாயில்லை, புளித்துப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. கனிந்த வாழைப்பழமும் ஸ்ட்ராபெரியும் பேரீச்சையும் ஓட்ஸும் ஓவனில் வெந்த வாசனை இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை. சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருகிறது, வாசனை வெளியே போவதாக இல்லை.

இன்று உனக்கு வருசப் படையல். என் தம்பி, உன் புருசன், உன் படத்தைத் துடைத்து மாலை போட்டான். சோறு, கறி எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். பிஸ்கட்டை மட்டும் உன் மகள் தர்ஷினி என்னிடம் விடவில்லை.

"அம்மா செஞ்ச மாதிரியே இருக்கணும் அத்தை. அப்பதான் வருவாங்க" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் கணக்கு. பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டாள்.

உனக்கு இனிப்பு நீர் வியாதி வந்த பிறகு ஆரம்பித்த வேலை அது. சனிக்கிழமை மத்தியானமானால் அத்தனை பிள்ளைகளும் உன் குசினியில்தான். சீனி போடாமல் அது என்ன பிஸ்கட்டு என்று நான் கேலி பண்ணினேன். "பழம் இருக்கறப்ப சீனி எதுக்கு அண்ணி? பழத்துக்குத்தானே உங்க முருகன் கோவிச்சுக்கிட்டு மலை ஏறினாரு" என்று என் சாமியை வைத்தே என் வாயை அடைத்தாய்.

மாவில் சேர்க்கிற நம் மலை ஸ்ட்ராபெரியை நம்ப முடியாது. ஒரு வாரம் இனிக்கும், மறு வாரம் பல் கூசும். அதனால் பிசைந்த மாவை ஆளுக்கு ஒரு விரல் எடுத்து நக்கச் சொல்வாய். புளிக்கிறது என்று அவர்கள் சொன்னால் பேரீச்சையை மசித்துச் சேர்ப்பாய், போதும் என்றால் நிறுத்துவாய். எச்சில் பண்ணுகிறார்களே என்று எனக்கு உடம்பு கூசும். பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

இன்றும் தர்ஷினி மாவில் விரலை வைத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"படையலுக்கு வைக்கிறத வாயில வைக்கக் கூடாது பாப்பா."

"பாக்காம எப்படித் தெரியும் அத்தை?"

"மனசால செஞ்சா போதும்லா."

தர்ஷினி விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உருட்டித் தட்டித் தட்டில் அடுக்கினாள்.

சூடம் காட்டி முடிந்ததும் அவள்தான் முதலில் எடுத்துக் கடித்தாள். பக்கத்து வீட்டுச் சின்னது முகத்தைச் சுளித்து, "புளிக்குதுலா" என்றது. தர்ஷினி இலையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி எடுத்து வைத்தாள்.

"இது அம்மாவோடது இல்ல. வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருப்பாங்க."

அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அப்பா கூப்பிட்டும் எழவில்லை, ஒரு வாய் சோறும் சாப்பிடவில்லை.

எங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நான் படையல் போட்டதெல்லாம் இப்படி வாயில் வைக்காமல்தான். முறையில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. முருகன் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துவிட்டேன், மனசு அடங்கவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன். வாழைப்பழம் வாங்கும்போது காம்போரம் முகர்ந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். இப்போதும் கடையில் நின்று அப்படித்தான் முகர்கிறேன். கடைக்காரன் சிரிக்கிறான். பழத்தை நல்லதாகத்தான் பார்த்து வாங்கினேன்.

எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. ரத்தம் சுத்தம் பண்ணிவிட்டுத் தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் இறங்கிக்கொண்டிருந்தோம். வளைவில் எனக்குக் குமட்டி, பையில் முகத்தை வைத்திருந்தேன். நோயாளி நீ, என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "நாக்குல எனக்கு ருசியே தெரியறதில்ல அண்ணி, ரொம்ப நாளாச்சு. புள்ளைங்க நாக்க நம்பித்தான் பிஸ்கட்டு சுடுறேன்."