வட்டமாகப் போட்ட கையெழுத்து

ஞாயிறு, இரவு.

இரண்டு வல்லரசுகளை இன்று ஒரே காகிதத்தில் உட்கார வைத்தேன்.

பள்ளிக்கூட நிதிக்காக டெல்லியும் சென்னையும் முட்டிக்கொள்ள, எங்கள் அரசுப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் என் அக்கா மகள் வசந்தியின் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு போகிறது. எங்கள் வரிப்பணத்தை விடுவியுங்கள் என்று கலெக்டருக்கு மனு எழுதினோம். இரு கட்சிக்காரர்களும் போட்டால்தான் ஊர் கையெழுத்துப் போடும். கட்சிக்கு ஒருவரான குமாரும் சேகரும், "அவன் பேருக்குக் கீழ நான் போட மாட்டேன்" என்று உப்பளமே கரையும்படி கத்தினார்கள்.

மனுவின் மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்தேன். "டேய், இதைச் சுத்திப் போடுங்கடா. முதலும் இல்ல, கடைசியும் இல்ல."

போட்டார்கள். சேகர் முறைத்தான். "மாமா, அவன் பேரு மேல இருக்குது."

"பேப்பரைத் தலைகீழாத் திருப்பிப் பாருடா."

ஊர் சிரித்த சிரிப்பில் கடல் ஒரு காதம் பின்வாங்கியது. பிறகு எல்லாரும் போட்டார்கள். வசந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"மாமா, நாளைக்கு கலெக்டராண்ட நீங்கதான் பேசணும். பிள்ளைங்க அஞ்சு பேருன்னா, எப்பவும்போல ஊதிப் பெருக்காம அஞ்சுன்னே சொல்லுங்க."

அரை மணி நேரமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஐந்து, ஐந்து. நாக்கு ஐந்நூறுக்கே ஓடுகிறது.