மேல்வீட்டுக்கு விட்ட கம்பிகள்

குஞ்சண்ணை,

சவர்க்காரம் போட்டுக் கழுவியும் என்ர கையில துருவின்ர மணம் போகேல்லை. நீங்கள் ஊத்தின கொங்கிறீற் கூரையை இண்டைக்கு உடைக்கத் தொடங்கியாச்சு. முதல் அடி நான்தான் அடிச்சனான். கோவிக்காதையுங்கோ.

எனக்குச் சீதன வீடு கட்டேக்க, கண்டாவளையில எல்லாரும் ஓடும் தகரமும் போட, நீங்கள் மட்டும் தட்டையாக் கொங்கிறீற்தான் எண்டு நிண்டனீங்கள். ஊரெல்லாம் மேசன் வேலை செய்த கையால எனக்கெண்டு குழைச்சு ஊத்தினீங்கள். மூலைக்கு மூலை கம்பியை மேல நீட்டி விட்டனீங்கள். "இதென்ன, கொம்பு முளைச்ச வீடோ?" எண்டு பக்கத்து வளவுப் பூமணியக்கா சிரிச்சவா. "என்ர மருமகளுக்கு மேல்வீடு கட்டுவன், அப்ப வந்து சிரி," எண்டனீங்கள். என்ர மகள் வதனிக்கு அப்ப பல்லும் முளைக்கேல்லை.

பிறகு சண்டை நெருங்கி ஊர் இடம்பெயர்ந்தது. சனம் தங்கட தங்கட கூரையைக் கழட்டி உழவு மெசினில ஏத்திச்சுது. போற இடத்தில ஒரு கொட்டிலுக்கெண்டாலும் ஆகும். எங்கட கூரையைக் கழட்ட ஏலாதே. "உனக்குப் பாரமில்லையடி, கையை வீசிக்கொண்டு போகலாம். நான் பூமணியின்ர தகரத்தைக் கழட்டிக் குடுத்திட்டு வாறன்," எண்டு சொல்லி அவாவின்ர வீட்டு முகட்டில ஏறினீங்கள்.

செல்குண்டு ஒண்டு அவாவின்ர வீட்டு முத்தத்தில விழுந்து வெடிச்சது. நீங்கள் தகரத்தோட கீழ வந்தீங்கள். வயிறு திறந்து கிடந்தது. ரெண்டு கையாலும் அமத்திப் பிடிச்சன், விரலுக்குள்ளால வந்துகொண்டே இருந்தது. அடுத்த செல் வர முதல், நீங்கள் கழட்டின தகரத்திலயே உங்களைக் கிடத்தித் தூக்கினம். அதின்ர விளிம்பு என்ர உள்ளங்கையைக் கிழிச்சது எனக்குத் தெரியேல்லை. அண்டைக்கும் கை இப்பிடித்தான் மணத்தது.

திரும்பி வந்தால், அந்தத் தெருவில கூரை எண்டு நிண்டது எங்கட மட்டும்தான். பூமணியக்கா குடும்பமும் அதுக்குக் கீழதான் படுத்து எழும்பினது. எவ்வளவு மழை பெய்தாலும் உள்ளுக்குச் சத்தம் வராது. ஆனால் நீங்கள் மேல்வீட்டுக்கு விட்ட கம்பிகளாலதான் தண்ணி உள்ளுக்கு இறங்கியிருக்கு. மாரிக்கு மாரி தார் பூசிப் பாத்தன். போன கிழமை, வதனியின்ர பிள்ளை கிடந்த ஏணைத் தொட்டிலுக்குப் பக்கத்தில தேங்காய் அளவு கட்டியொண்டு விழுந்து நிலம் பிளந்தது.

இண்டைக்கு மேசன் வந்து தட்டிப் பாத்தார். "மேல எதைப் பூசினாலும் உள்கம்பி தின்னுப்பட்டுப் போச்சுதம்மா. உடைச்சுப்போட்டுத் தகரம் போடுங்கோ."

"இந்த வீட்டுக்குத் தகரம் வராது. தாரைப் பூசுங்கோ," எண்டன்.

"செத்த மாமா வேணுமோ, இருக்கிற பிள்ளை வேணுமோ? சொல்லணை!" எண்டாள் வதனி.

அறைஞ்சு போட்டன். சொண்டு வெடிச்சு ரத்தம் வந்தது. அவள் அழேல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனாள். பூமணியக்காதான் ஓடிவந்து மறிச்சவா. பிறகு என்னட்டைத் திரும்பி, "அடியே, குஞ்சனைச் சாகடிச்சது தகரமோ? அந்தக் கட்டி பிள்ளையின்ர தலையில விழுந்திருந்தா, அதை எதில வச்சுத் தூக்கியிருப்பாய்?" எண்டு கத்தினா.

மேசனின்ர சம்மட்டியைப் பறிச்சுக்கொண்டு ஏணியில ஏறினன். உங்கட கம்பி நிண்ட மூலையிலதான் போட்டன். வாயில வந்த தூசணமெல்லாம் சொல்லிச் சொல்லி அடிச்சன். செல் அடிச்சவனை, கடவுளை, அண்டைக்கு முகட்டில ஏறின உங்களை. "இறங்கணை, விழப்போறாய்!" எண்டு வதனி கீழ நிண்டு குளறினாள். சொண்டில ரத்தம் காயாமல்தான் நிண்டவள். கம்பி வளைஞ்சு சாயுமட்டும் நான் இறங்கேல்லை.

இப்ப உள்ளங்கைத் தழும்புக்குள்ள துருத்தூள் ஏறி நிக்குது. இனித் தகரம் ஏறும். மழைக்கு அது குமுறும், பிள்ளை நித்திரை கொள்ளும், நான் முழிச்சிருந்து கேப்பன். ஆளில விழுற செல்லின்ர சத்தம் அந்த ஆளுக்குக் கேக்காது எண்டு சனம் சொல்லுறது.

குஞ்சண்ணை, உங்களுக்கு அது கேட்டதோ?