வள்ளப் பாயின் பின்பக்கம்

சரவணை

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அந்தக் குளிருக்குள் நீரும் நோய் நொடியின்றி இருக்க நயினை அம்மன் துணை நிற்கட்டும். மழை போதாமல் பயிர் பாதிதான். மயில்வாகனம் மாமா மறுபடியும் வேலியை நம் பக்கம் தள்ளி அடைத்திருக்கிறார், அது அவருடைய பிறவிக் குணம்.

உமது திரைப்படக் காப்பகத்திலிருந்து நீர் அனுப்பிய நிழற்படம் கைபேசியில் வந்தது. அந்த ஊமைப்படம் முழுவதும் எரிந்து, கடைசிக் காட்சியின் இந்த ஒரு படம்தான் மிச்சம் என்று எழுதியிருந்தீர். கதாநாயகி மரகதம் கடற்கரையில் விளக்கோடு நிற்கிறாள், விளக்கு வலது கையில். என் தகப்பனார், உமது அப்பப்பா, எப்போதும் இடது கை என்றுதான் சொல்வார். மின்சாரம் இல்லாத வருடங்களில் அரிக்கன் லாம்பை இடது கையில் தூக்கி, அவள் கடலைப் பார்த்த விதத்தை நடித்துக் காட்டுவார். அந்தப் படத்துக்கு மூலமான நாவலை நாங்கள் எல்லோரும் வாசித்திருந்தோம், ஆனாலும் அவர் லாம்பை இறக்கும்போது உமது பெரிய மாமி அழுவார். அப்பப்பா சிறுவனாக இருந்தபோது, காலி நகரில் கடை வைத்திருந்த அவருடைய தாய்மாமன், அதாவது மயில்வாகனத்தின் பாட்டனார், அந்தப் படத்தை, படம் காட்டும் மெசினோடு கொண்டுவந்து ஊர்காவற்றுறையில் வள்ளத்துப் பாயை நனைத்துத் திரையாகக் கட்டிக் காட்டியிருக்கிறார். என் கலியாணப் பந்தியில் மயில்வாகனம் என்னைப் பார்த்து, கொப்பர் எங்கை படம் பாத்தவர், என்ரை ஐயா முன்னுக்கு இருந்து பாத்தவர், வலக்கையெண்டுதான் சொன்னவர், இவர் ஆரோ சொன்னதைக் கேட்டுப்போட்டு அளக்கிறார் என்று சொல்லிச் சிரித்தார். அப்பப்பா பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். பிறகு சாகும்வரை அந்தக் கதையைச் சொல்லவேயில்லை.

நேற்று அந்தப் படத்தை மெல்லிய தாளில் அச்சடித்து வந்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எனக்கு எதிரே, தாளின் மறுபக்கம் நின்ற அம்மா, இஞ்சாருங்கோ, இடக்கையிலைதானே லாம்பு கிடக்குது என்றார். நனைந்த பாயில் படம் இரண்டு பக்கமும் தெரியும், பின்னால் இருப்பவருக்கு வலம் இடமாகும். படத்தில் வந்த எழுத்து ஒன்றும் வாசிக்க முடியவில்லை என்று அப்பப்பா சொன்னதும் அதனால்தான். மாமன் தன் பிள்ளைகளை முன்னால் கதிரையில் இருத்திவிட்டு, சொந்தச் சகோதரியின் மகனைக் காசில்லாத சனத்தோடு பின்னால் மணலில் விட்டிருக்கிறார். தாய்க்கு அவமானம் என்று அதைச் சபையில் சொல்லாமல், பொய்யர் என்ற பெயரை அப்பப்பா சுமந்திருக்கிறார்.

கடைசிக் காட்சிக்குச் சாட்சியம் வேண்டும் என்று கேட்டிருந்தீர். அப்பப்பாவின் பெயரைப் போட்டு, சரவணை ஊர் ஐயம்பிள்ளை பார்த்தார் என்று எழுதும். பாய்க்குப் பின்னால் இருந்து பார்த்தார் என்பதையும் எழுதும். அவருக்கு அது வெட்கமாக இருந்தது, எனக்கு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடும். எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உமக்கு உண்டு. நீர் எழுதியதில் ஒரு பிரதி மயில்வாகனம் மாமாவுக்கும் அனுப்ப மறக்க வேண்டாம்.

அன்புடன் அப்பா,
ஐ. தில்லைநாதன்