முதலாளி ஜீப்பின் முனகல்

வீட்டு மகாராணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் யானை பலத்தோடு இருக்கிறேன்.

முதலாளியின் கிழட்டு ஜீப்பை நாலு சக்கர இழுவையில் போட்டால், அது போடும் சத்தத்தில் ஊரே மூட்டை கட்டும். நான் லீவு கேட்டதும் முதலாளி, "முதல்ல சத்தத்த நிறுத்துய்யா, அப்புறம் லீவு கேளு" என்றார். கியர்பாக்ஸையே பிரிக்கணும் என்றார்கள் மற்ற மெக்கானிக்குகள். நான் அடியில் படுத்து முன்சக்கரங்களைச் சுழற்றும் ஷாப்ட்டை ஆட்டினேன். அதை இணைக்கும் கிராஸ் ஜாயின்ட் விழப்போகிற பல்லாக ஆடியது. மாற்றிவிட்டேன்.

முதலாளி ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வண்டிய எடு" என்றார்.

"கேட்டைத் தாண்டிட்டோம் முதலாளி."

அடுத்த மாதம் பத்து நாள் லீவு!

நம் கிரைண்டர் கரகரக்கிறதென்றாயே, யாரிடமும் கொடுக்காதே. அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. பக்கத்தில் நின்று நீயும் என்னைக் கொஞ்சம் திட்டு. இரண்டையும் கேட்டால்தான் கோளாறு பிடிபடும்.

முதலாளி ஹாரன் அடிக்கிறார். அந்த வண்டியில் இப்போது அது ஒன்றுதான் சத்தம். ஓடுகிறேன்.

உன் மெக்கானிக் மகாராஜா