கயிறு அசைந்தபோது

தூத்துக்குடி, 12-2-1946
சேசு மரி சூசை துணை

அன்புள்ள மதலேனாளுக்கு,

உன் புருஷன் சந்தியாகு எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருப்பாய். நம் பதிமூன்று வயது மகள் லூர்தின் சுகத்தைக் கேட்கத்தான் எனக்கு வாயில்லை.

சங்கு குளிக்கும் தோணியில் கயிறு பிடிக்கிறேன். முந்தாநாள் கடலுக்குள் இறங்கிய மிக்கேல் மேலே இழுக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றை அசைத்தான். வீட்டு நினைவில் தாமதமாக இழுத்தேன். அவனுக்கு மூக்கில் கொஞ்சம் ரத்தம், வேறொன்றுமில்லை. "ஏலே, கயிறு அசைஞ்சா என்ன ஏதுன்னு யோசிக்கக் கூடாது. இழுத்துரணும்" என்றான்.

அவனைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் லூர்தைப் பற்றிக் கேட்டேன். ஆறு மாதமாகச் சிரிக்காமல், சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதைச் சொன்னேன். சோம்பல் என்று நான் பனைமட்டையால் அடித்ததையும் சொன்னேன். தலை நிமிர முடியவில்லை. "அது மனசுக்கு வந்த நோய். அடிச்சாத் தீராது. தனியா விடாதீங்க, கூட்டிட்டு வாங்க" என்றார்.

நான் புறப்பட்ட அன்று அவள் என் துண்டைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை வந்து அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். மட்டையை அடுப்பில் வைத்துவிடு. கொஞ்சம் கருப்பட்டி எடுத்து வை. இங்கே தனியாகக் காப்பி குடிக்கப் பிடிக்கவில்லை. தோணிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உனக்கு வாசிக்கத் தெரியாது. அவள்தான் இதை வாசிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். லூர்து, நீ இழுத்தது அப்பாவுக்கு இப்போதுதான் புரிந்தது.